டாட்சனைத் தின்ற துரு

1990களின் பிற்பகுதியில் நிஸ்ஸான் நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை ஒரு விநோதமான காரியம் செய்தது. கால் நூற்றாண்டுக்கு முன் தானே விற்ற டாட்சன் 240இசட் கார்களைத் தேடிப்பிடித்து வாங்கி, பிரித்துப் புதுப்பித்து, தன் டீலர்கள் மூலமாகவே சுமார் 25,000 டாலருக்கு மறுபடி விற்றது. 1970இல் அந்தக் கார் புதிதாக வந்தபோது விலை 3,526 டாலர். ஏழு மடங்கு விலை வைத்தும் திட்டம் நீடிக்கவில்லை. சுமார் நாற்பது கார்களோடு முடிந்துபோனது. இந்தக் காரைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது. எஞ்சினைப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, மாட்டினால் ஓடிவிடும். பணத்தையும் நாட்களையும் விழுங்குவது பாடிதான்: டிங்கரிங்கும் பெயின்ட்டிங்கும்.

நீண்ட மூக்கு, சரிந்த முதுகு, இரண்டே கதவுகள், இரண்டே இருக்கைகள். யோஷிஹிகோ மட்சுவோவின் குழு வடிவமைத்த இந்த கூபேயும் இதன் அண்ணன் தம்பிகளும் 1978 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்றன. கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியை 240இசட் இரண்டு முறை வென்றது. 1973இல் அதை ஓட்டி ஜெயித்தவர் உகாண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளியினரான சேகர் மேத்தா. ஆப்பிரிக்கக் கல்லையும் சேற்றையும் தாங்கிய அந்த உடலை, அமெரிக்காவின் குளிர்காலச் சாலைகள் தின்றுவிட்டன.

துரு என்பது ஒரு மின்வேதி வினை. ஓரிடத்தில் இரும்பு எலக்ட்ரான்களை இழந்து அயனியாகக் கரைகிறது; இன்னோரிடத்தில் ஆக்ஸிஜனும் தண்ணீரும் சேர்ந்து அந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கின்றன. இரண்டுக்கும் நடுவே ஈரம் இருந்தால் சுற்று முழுமையாகிவிடும். ஈரத்தில் உப்பும் கரைந்திருந்தால் மின்சாரம் இன்னும் எளிதாகப் பாயும். அமெரிக்காவின் வட மாநிலங்களில் பனிக்காலத்தில் சாலை உறைந்துவிடாமலிருக்க உப்பைத்தான் அள்ளிக் கொட்டுகிறார்கள்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. காற்று நன்றாகப் படுகிற இடத்தில்தான் இரும்பு அரிக்கும் என்று நினைப்போம். நடப்பது நேர்மாறு. ஒரே ஈரப்படலத்தில் ஆக்ஸிஜன் குறைவாகக் கிடைக்கிற பகுதிதான் கரைகிறது. அதிகம் கிடைக்கிற பகுதி தப்பித்துக்கொள்கிறது. கார் பாடியோ, ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து ஸ்பாட் வெல்டிங்கால் ஒட்டப்பட்ட மெல்லிய தகடுகளால் ஆனது. அந்த இடுக்குகளுக்குள் தண்ணீர் தானாகவே ஏறும், காற்று ஏறாது. துருவுக்கு இதைவிட வசதியான வீடு கிடையாது. அந்நாளைய 240இசட்டில் துத்தநாகம் பூசிய தகடும் இல்லை.

துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதனால் தகடுகளை உள்ளிருந்தே பிளக்கும், பெயின்ட்டைத் தூக்கும். பின்சக்கரத்துக்கு முன்னால், கதவுக்குக் கீழே ஒரு சின்னக் கொப்புளம் தெரிந்தால், துரு உள்ளேயிருந்து வெளியே வந்து சேர்ந்துவிட்டது என்று பொருள். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போய்விடும். பேட்டரித் தட்டின் கீழே இன்னும் மோசம்: வழிந்த அமிலம் தட்டைத் தாண்டி, அடியிலிருக்கும் தாங்கு சட்டத்தையே அரித்திருக்கும்.

வேலை தரையிலிருந்து தொடங்குகிறது. கார்ப்பெட்டுக்கு அடியில், சத்தத்தைக் குறைக்க ஆலையிலேயே ஒட்டிய தார் விரிப்பு இருக்கும். சுரண்டினால் பிசுபிசுவென்று இழுக்கும், சூடாக்கினால் உருகி அப்பிக்கொள்ளும். அனுபவசாலிகள் அதன்மேல் உலர்பனிக்கட்டியைப் பரப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். உறைந்த கார்பன் டை ஆக்ஸைடு அது. மைனஸ் 78 டிகிரி செல்சியஸ். தார் விறைத்துப்போகும். பிறகு சுத்தியலால் தட்டினால் அப்பளம்போல் நொறுங்கிப் பெயர்ந்து வரும். (ஜன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும், அந்த வாயு மூச்சை முட்டச் செய்யும்.) விரிப்பு போன பிறகுதான் தரையில் எத்தனை ஓட்டை என்பது தெரியும்.

வெட்டுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. லாரிக்கு இருக்கும் தனி சேஸிஸ் இந்தக் காருக்குக் கிடையாது; தகடுகளே எலும்பு. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டத்தை அப்படியே அறுத்து எடுத்தால் நடுப்பகுதி தொய்ந்துவிடும், அதன்பின் கதவு ஒருநாளும் சரியாக மூடாது. ஆகவே முதலில் கதவு வாசலில் இரும்புக் குழாய்களைக் குறுக்கே பற்றவைத்து நிறுத்துவார்கள். கதவு இடைவெளிகளை அளந்து எழுதி வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகுதான் கிரைண்டர். புதுத் தகட்டை வைத்து ஒரே மூச்சில் பற்றவைக்கவும் கூடாது. சுட்ட இடம் விரியப் பார்க்கும். சுற்றியுள்ள குளிர்ந்த உலோகம் விடாது. ஆறும்போது அந்த இடம் முன்னைவிடச் சுருங்கி, தட்டையான தகடு அலை அலையாக நெளியும். இங்கே ஒரு பொட்டு, ஒரு சாண் தள்ளி இன்னொரு பொட்டு, ஆறவிட்டு மறுபடி. பொறுமையில்லாதவருக்கு இந்தத் தொழில் ஆகாது.

நெளிசல் நீக்குவது சுத்தியலும், தகட்டின் பின்னால் தாங்கிப் பிடிக்கும் டாலி என்ற இரும்புக் கட்டையும். மீதிப் பள்ளத்துக்குப் பட்டி. பட்டி என்றாலே ஏமாற்று என்று ஒரு பேச்சு உண்டு, அது அநியாயம். பெருமைக்குரிய பல பழைய கார்களின் இணைப்புகளை ஆலையிலேயே ஈயமும் வெள்ளீயமும் கலந்து நிரப்பினார்கள். இன்றைய பட்டி பாலியெஸ்டர் பிசினும் டால்க் பொடியும். பட்டி ஈரத்தை உறிஞ்சும் என்பதால், வெறும் தகட்டை முதலில் எபாக்ஸி பிரைமரால் மூடிவிட்டு அதன்மேல் மெல்லியதாகப் பட்டி பார்ப்பதே நல்லது. துரு ஓட்டையைப் பட்டியால் அடைப்பதுதான் ஏமாற்று.

பட்டி காய்ந்ததும் தேய்ப்பு. இந்தக் கட்டத்தைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். வெளிர் பிரைமர்மேல் கறுப்புப் பொடியை மெல்லத் தூவுவார்கள். நீளமான கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி, குறுக்கும் நெடுக்குமாகத் தேய்ப்பார்கள். மேடு இருந்த இடத்தில் கறுப்பு அழிந்துவிடும், பள்ளத்தில் தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத பள்ளம் கறுப்புத் தீவாக முன்னால் நிற்கும். இவ்வளவு கறார் எதற்கென்றால், பளபளக்கும் பரப்பு ஒரு கண்ணாடி. பரப்பு எவ்வளவு சாய்கிறதோ அதைப்போல் இரு மடங்கு பிரதிபலிப்பு சாயும். மங்கலான பிரைமரில் ஒளிந்திருக்கும் அலை, பெயின்ட் அடித்த மறுநாள் டியூப்லைட் வெளிச்சத்தில் பல்லிளிக்கும்.

பெயின்ட் அடிப்பது இத்தனைக்கும் பிறகு நடக்கும் சில மணி நேர வேலை. அதைத்தான் எல்லோரும் பாராட்டுவார்கள்! ஆலையில் அடித்த மொத்தப் பூச்சின் கனமே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான், ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குகூட வராது. 918 என்ற எண்ணுள்ள ஆரஞ்சு 240இசட்டுக்கே அடையாளமான நிறம். அது மெட்டாலிக் இல்லாத வெறும் நிறம் என்பதால் பிழைத்தோம். மெட்டாலிக்கில் அலுமினியச் செதில்கள் எந்தக் கோணத்தில் படுத்து உறைகின்றன என்பதைப் பொறுத்து நிறமே மாறித் தெரியும். ஸ்ப்ரே கன்னைப் பிடிக்கும் தூரம் கொஞ்சம் மாறினாலும் கதவு ஒரு நிறம், ஃபெண்டர் ஒரு நிறம்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இன்றைய இரு கலவை பெயின்ட்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. பெயின்ட்டர்களுக்கு வரும் தொழில்சார் ஆஸ்துமாவுக்கு அது முக்கியக் காரணம். ஒருமுறை உடல் எதிர்வினை காட்டத் தொடங்கிவிட்டால் பிறகு துளி பட்டாலும் மூச்சு திணறும். மூக்கில் கட்டிய கைக்குட்டை எதையும் தடுக்காது. வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் முகமூடி வேண்டும். காருக்கு லட்சங்கள் செலவழிப்பவர், அதற்குப் பெயின்ட் அடிப்பவரின் நுரையீரலுக்கும் கொஞ்சம் ஒதுக்கலாம்.

எல்லாக் காரையும் புதுசாக்கத்தான் வேண்டுமா? 1971 சஃபாரியை வென்ற 240இசட், ஜப்பானின் ஸாமாவில் உள்ள நிஸ்ஸானின் சேகரிப்பில் அடிபட்ட தகடுகளோடேயே நிற்கிறது. அதன் நெளிசலை எடுத்தால் வரலாறு போய்விடும். துருவுக்கு அந்தச் சலுகை கிடையாது, அதை வெட்டித்தான் ஆக வேண்டும்.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் மெல்லிய துணியில் ஒரு காந்தத்தைச் சுற்றி எடுத்துப்போங்கள். இரும்புத் தகட்டில் ஓரிடத்தில் மட்டும் பிடி தளர்ந்தால் அங்கே பட்டி கனமாக இருக்கிறது. கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். புதுப் பெயின்ட் மினுக்கினால், பெயின்ட்டுக்கு முன் எடுத்த படங்களைக் கேளுங்கள். படம் இல்லை என்று பதில் வந்தால், உள்ளே துரு இருப்பதாகவே வைத்து விலை பேசுங்கள்.