காது குத்திய பின் கவனிக்க வேண்டியவை

குழந்தைக்குக் காது குத்துவது நம் இல்லங்களில் தொன்றுதொட்டு வரும் மங்கள நிகழ்ச்சியாகும். குலதெய்வத்தின் சந்நிதியில் முடியிறக்கி, தாய்மாமன் மடியில் குழந்தையை அமர்த்தி, பொற்கொல்லரைக் கொண்டு காதில் துளையிடுகிறோம். சீரும் விருந்தும் குறைவின்றி நடைபெறுகின்றன. விருந்தினர் விடைபெற்றுச் சென்ற பிறகு குழந்தையின் காதில் எஞ்சி நிற்பது ஒரு புண் என்பதை மட்டும் நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். விழா ஒரு நாளில் முடிந்துவிடும். புண் ஆறுவதற்கோ ஆறு வாரங்களாவது ஆகும். அந்த ஆறு வாரங்களைப் பற்றியதே இக்கட்டுரை.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூரை அடுத்துக் கர்நாடக எல்லையில் அமைந்துள்ளது ஜூஜுவாடி. தனி ஊராட்சியாக இருந்த இவ்வூர் 2011 ஆம் ஆண்டில் ஓசூர் நகராட்சியுடன் இணைக்கப்பட்டது. அந்நகராட்சி 2019 இல் மாநகராட்சியாயிற்று. தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மும்மொழி பேசுவோரும், தொழிற்பேட்டைகளில் வேலை தேடி வந்த வெளியூராரும் இங்குக் கலந்து வாழ்கின்றனர். இவ்வட்டாரத்தில் ஒரு குடும்பத்திலேயே ஒருவர் மாட்டுத் தொழுவத்திலும் மற்றொருவர் இயந்திரக் கூடத்திலும் வேலை செய்வது இயல்பு. மாலையில் ஒருவர் கையில் சாணமும், மற்றொருவர் கையில் இரும்புத் தூளும் எண்ணெயும் இருக்கும். காது குத்திய குழந்தையை இருவரும் ஆவலுடன் தூக்குவர். கவனம் தொடங்க வேண்டிய இடம் அதுவே.

சாணமும் மண்ணும் ஏன் ஆபத்து?

ரண ஜன்னி எனப்படும் நோயைக் கிராம மக்கள் யாவரும் அறிவர். இதனை உண்டாக்கும் கிருமி மாடு, குதிரை முதலியவற்றின் குடலில் வாழ்ந்து, சாணத்தின் வழியே மண்ணில் கலக்கிறது. ஓசூர் 1824 ஆம் ஆண்டிலிருந்தே அரசுக் கால்நடைப் பண்ணையைக் கொண்ட ஊர். கால்நடைச் செல்வம் மிகுந்த இத்தகைய நாட்டுப்புறங்களில் இக்கிருமி மண்ணில் இல்லாத இடமே இல்லை எனலாம். கடினமான ஓடு ஒன்றினுள் அடங்கி, பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்க வல்லது அது. காற்றுப் புகாத ஆழமான புண்ணில் இடம் கிடைத்தால் விழித்தெழுந்து நஞ்சைக் கக்கும். அந்நஞ்சு நரம்புகளைத் தாக்கித் தாடையை இறுகச் செய்யும்; உடல் வில்லைப் போல் வளையும். புண் ஏற்பட்ட மூன்றாம் நாளிலிருந்து மூன்று வாரங்களுக்குள் பெரும்பாலும் நோய் வெளிப்படும்.

ஊசியைக் கொதிநீரில் போட்டு எடுத்தால் போதும் என்று சிலர் கருதுகின்றனர். கொதிநீர் பல கிருமிகளைக் கொல்லும் என்பது உண்மையே. ஆயினும் உறங்கு நிலையில் உள்ள ரண ஜன்னிக் கிருமி கொதிநீரையும் தாங்கிப் பிழைக்கக் கூடும். ஆதலின் முதற்காப்பு ஊசியின் தூய்மையன்று, குழந்தை முன்பே போட்டுக்கொண்ட தடுப்பூசியாகும். பிறந்த 6, 10, 14 ஆவது வாரங்களில் போடப்படும் ஐந்து நோய்த் தடுப்பூசியில் இதற்கான மருந்தும் அடங்கியுள்ளது. பின்னர் 16 முதல் 24 மாதத்திற்குள்ளும், 5 முதல் 6 வயதிற்குள்ளும், 10 வயதிலும் 16 வயதிலும் ஊக்க ஊசிகள் உண்டு. அரசு சுகாதார நிலையங்களில் இவை யாவும் இலவசமே. தாய்க்கும் சேய்க்கும் வரும் ரண ஜன்னி இந்தியாவில் ஒழிக்கப்பட்ட நிலையை எய்தியதாக 2015 இல் உறுதி செய்யப்பட்டதற்கு இத்தடுப்பூசிகள் பெருங் காரணமாகும். மூன்று தவணைகளும் முடிந்த பின்னரே காது குத்துவதென்று ஒவ்வொரு குடும்பமும் தீர்மானித்துக் கொள்வது நன்று.

ஊசியும் அணியும்

திருவிழாக் காலத்தில் ஒரே ஊசியால் பல குழந்தைகளுக்குக் காது குத்துவது சில இடங்களில் இன்றும் காணப்படுகிறது. ஒருவர் இரத்தத்திலிருந்து மற்றொருவருக்குக் கல்லீரல் அழற்சி நோயும், எச்.ஐ.வி.யும் பரவ இதனால் வழியுண்டு. ஆகவே ஒரு குழந்தைக்கு ஒரு புதிய ஊசி என்ற விதியில் தளர்வு கூடாது. குத்துபவர் சோப்பினால் கை கழுவியிருக்கிறாரா என்பதையும் தாய்மாமன் தயங்காமல் கேட்கலாம். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

முதலில் அணிவிக்கும் தோடு தூய தங்கமாக இருப்பது நலம். மலிவான முலாம் பூசிய அணிகளில் நிக்கல் என்னும் உலோகம் கலந்திருக்கும். புண்ணின் ஈரத்தில் அது கரைந்து தோலில் அரிப்பையும் ஒவ்வாமையையும் உண்டாக்கும். ஒருமுறை வந்த நிக்கல் ஒவ்வாமை வாழ்நாள் முழுதும் நீடிக்கும். துளையிட்ட காதில் அணியும் பொருள்களிலிருந்து கசியும் நிக்கலுக்கு ஐரோப்பிய நாடுகள் சட்டத்தினாலேயே வரம்பு கட்டியுள்ளன என்பதிலிருந்து இதன் முக்கியத்துவத்தை உணரலாம். தோட்டின் திருகாணியை இறுக முடுக்கவும் கூடாது. காது வீங்குவதற்குச் சிறிது இடம் விட வேண்டும். கழன்று விழும் திருகாணியைக் குழந்தை விழுங்கிவிடாதபடி அடிக்கடி பார்த்துக் கொள்வதும் அவசியம்.

அன்றாடப் பராமரிப்பு

துளையிட்ட இடத்தில் இரு பக்கத்துத் தோலும் உள்நோக்கி வளர்ந்து, நடுவில் ஒன்று கூடி, துளையின் உட்சுவராக அமைகிறது. காது மடலின் அடியிலுள்ள மென்தசையில் இவ்வேலை முடிய ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். மூக்குத் துளைக்குச் சில மாதங்களும், காதின் மேற்பகுதியிலுள்ள குருத்தெலும்பில் இடும் துளைக்கு அதனினும் அதிக காலமும் வேண்டும். இக்காலத்திற்குள் தோட்டைக் கழற்றினால் துளை மூடிக்கொள்ளும்.

புண்ணைக் காலையும் மாலையும் கழுவுவது போதுமானது. கால் லிட்டர் நீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, அதில் கால் தேக்கரண்டி உப்பைக் கரைத்துக்கொள்ள வேண்டும். முதலில் சோப்பினால் கைகளை நன்கு கழுவுக. பின் தூய பஞ்சை உப்பு நீரில் நனைத்துத் துளையின் முன்னும் பின்னும் ஒற்றி எடுத்து, தூய துணியால் ஈரம் போக்குக. காய்ந்த பொருக்கு ஒட்டியிருக்கையில் தோட்டைத் திருகினால் புதிதாக வளர்ந்த தோல் கிழியும்; நன்கு நனைந்து இளகிய பின்னரே பொருக்கை அகற்ற வேண்டும். முதல் சில நாட்களில் சற்றுச் சிவப்பும், மங்கிய மஞ்சள் நீரும் காணப்படுவது இயல்பே. அது கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

மஞ்சள் தூள், சாம்பல், சாணம், எண்ணெய் ஆகியவற்றைப் புண்ணில் வைக்கும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். மஞ்சள் நற்பொருளே, எனினும் களத்தில் உலர்த்தி, பலர் கைபட்டு அரைத்த தூளில் மண்ணும் கலந்திருக்கும். ஸ்பிரிட்டை நாள்தோறும் தடவுவதும் தகாது. அது கிருமியோடு இளந்தோலையும் அழித்துவிடும். ஏரி, குட்டைகளில் குளிப்பதைப் புண் ஆறும்வரை ஒத்திவைக்க வேண்டும். தலையணை உறையை அடிக்கடி துவைத்து வெயிலில் உலர்த்துக. தொழிற்சாலைக்குச் செல்லும் இளைஞர், புதிதாகத் துளையிட்ட காதில் தலைக்கவசமும் கைப்பேசியும் உரசாதபடி காத்துக்கொள்வாராக.

மருந்தும் மாசடையக் கூடும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், ஒரு கடையில் காதின் மேற்பகுதியில் துளையிட்டுக் கொண்ட பலருக்குக் குருத்தெலும்பில் சீழ் வைத்தது. சிலர் மருத்துவமனையில் சேர்ந்தனர். ஆராய்ந்து பார்க்கையில், கிருமிநாசினி வைத்திருந்த புட்டியிலேயே நோய்க்கிருமி குடியிருந்தது தெரியவந்தது! குருத்தெலும்பில் இரத்த ஓட்டம் குறைவு. ஆதலால் அங்கே புண் சீழ்ப்பிடித்தால் காதின் உருவமே சிதைந்துவிடும். மேற்காதில் துளையிட விரும்புவோர் இதனை நினைவில் கொள்வது நலம்.

மருத்துவரை நாட வேண்டிய தருணங்கள்

சிவப்பு நாளுக்கு நாள் பரவுதல், வீக்கமும் வெம்மையும் மிகுதல், நாற்றமுள்ள சீழ், காய்ச்சல், தோடு சதைக்குள் புதைந்து போதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அன்றே செல்ல வேண்டும். வாய் திறக்க இயலாமை, கழுத்து விறைத்தல், விழுங்குவதில் தொல்லை ஆகியவை தோன்றினால் கணமும் தாமதியாது 108 ஊர்தியை அழைக்க வேண்டும். புண் ஆறிய பின் பல மாதங்கள் கழித்துத் தழும்பு கட்டியாய்த் தடித்து வளர்வதும் உண்டு. குடும்பத்தில் எவருக்கேனும் அவ்வாறு வளர்ந்திருந்தால், குத்துவதற்கு முன்னரே மருத்துவரைக் கேட்டறிவது நன்று.

ஊராட்சியின் கடமை

கன்றுக்குக் காதில் எண் வில்லை பொருத்தும்போது, அந்த இடத்தில் ஈ மொய்க்கிறதா, சீழ் வைக்கிறதா என்று உழவர் நாள்தோறும் பார்க்கின்றனர். நம் மகவின் காதிற்கு அதனினும் குறைந்த கவனம் தகுமா?

சுற்றுவட்டார ஊராட்சி உறுப்பினர்கள் மூன்று காரியங்களைச் செய்யலாம். முதலாவதாக, ஆண்டில் பலமுறை கூடும் கிராம சபையில் கிராம சுகாதார செவிலியரைக் கொண்டு இச்செய்திகளை விளக்கச் செய்யலாம். இரண்டாவதாக, திருவிழா நடைபெறும் கோயில்களில் காது குத்தும் இடத்தருகே தண்ணீர்க் குழாயும் சோப்பும், பயன்படுத்திய ஊசிகளைப் போடுவதற்கு மூடியுள்ள பெட்டியும் வைக்கலாம். மூன்றாவதாக, பராமரிப்பு முறைகளைத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் எழுதி அங்கேயே பலகையாகத் தொங்கவிடலாம். இவற்றுக்குப் பெருஞ் செலவு ஏதுமில்லை.

முன்னோர் வழக்கத்தைக் கைவிட வேண்டுமென்று எவரும் கூறவில்லை. விழா அப்படியே நடைபெறட்டும். தாய்மாமன் சீர் வைக்கும் தட்டில் பழத்தோடும் பூவோடும் ஒரு புதிய ஊசியும் ஒரு கட்டி சோப்பும் இடம்பெறட்டும். குழந்தையின் தடுப்பூசி அட்டையையும் அதே தட்டில் வைத்துச் சரிபார்க்கட்டும். அக்குழந்தை வளர்ந்து தன் தோட்டைக் கண்ணாடியில் பார்த்து மகிழும் நாளில், தழும்பில்லாத அந்தக் காதே நாம் அதற்கு அளித்த சிறந்த சீராக விளங்கும்.