கூகைக்குப் பெட்டி வைத்த தோட்டம்

1981 டிசம்பர் 31ஆம் தேதி இரவு மணி பதினொன்றரை ஆனபோது தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை நேராக நள்ளிரவுக்குத் தள்ளிவைத்தார்கள். சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்குவதற்காக அரசாங்கம் செய்த ஏற்பாடு அது. அதுவரை ஆறரைக்கும் ஏழுக்கும் இடையில் விடிந்துகொண்டிருந்த வட சிலாங்கூரின் உலு யாமில் அதன் பிறகு ஏழு மணியை ஒட்டியோ தாண்டியோதான் விடிந்தது. இடையில் ஓர் அரை மணி நேரம் யார் கணக்கிலும் சேராமல் போயிற்று. அறிவியல் கதை எழுதுபவர் கையில் கிடைத்திருந்தால் அந்த அரை மணிக்குள் ஒரு விண்கலமாவது இறங்கியிருக்கும். தோட்டத்துப் பாட்டி வாயில் விழுந்திருந்தால் ஒரு முனி நடந்து போயிருக்கும். தமிழில் இரண்டு வகைக் கதைசொல்லிகளும் இருந்தார்கள். இந்த வட்டாரத்தில் அவர்கள் ஒருவரையொருவர் சந்தித்துக்கொள்ளவில்லை என்பதுதான் குறை.

அன்று இங்கே பால்மரக் காடு. 1970இல் நாடு முழுவதும் ரப்பர் ஏறத்தாழ 2 மில்லியன் ஹெக்டேரில் இருந்தது, செம்பனை 0.3 மில்லியன் ஹெக்டேரை எட்டிக்கொண்டிருந்தது. இன்று செம்பனை 5.5 மில்லியன் ஹெக்டேருக்கு மேல்; ரப்பர் சுமார் 1.1 மில்லியன். செலாயாங்கிலிருந்து மலையேறி உலு யாமுக்கு வரும் சாலையில் அன்று தோட்டத்து லாரிகள் ஓடின. இன்று வார இறுதியில் கோலாலம்பூர்க்காரர்கள் சைக்கிளிலும் மோட்டாரிலும் வந்து, அருவியில் குளித்து, லோமீ சாப்பிட்டுத் திரும்புகிறார்கள். தோட்டங்களாக இருந்த நிலத்தில் புக்கிட் பெருந்தோங் மாதிரியான நகரங்கள் எழுந்துவிட்டன.

பால் வெட்டு இருட்டில் தொடங்கும் வேலை. காரணம் மரத்துக்குள்ளேயே இருக்கிறது. இரவெல்லாம் வேர் உறிஞ்சிய நீர் பட்டைக்கு உள்ளே இருக்கும் பால் குழாய்களில் அழுத்தத்தை ஏற்றிவைக்கும். வெயில் ஏறினால் இலை வழியே நீர் போய்விடும்; அழுத்தம் இறங்கும்; பால் குறையும். ஆகவே பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு) முடிந்ததும் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு மர நிரைக்குப் போக வேண்டும். ஆளுக்கு ஐந்நூறு மரத்தை ஒட்டி. உளியால் மேலிடமிருந்து கீழ்வலமாகச் சாய்த்து மெல்லிய சீவல் எடுக்க வேண்டும். ஆழம் போனால் மரம் காயப்படும், ஆழம் போதாவிட்டால் பால் வராது. வெட்டுக்கு முன் ஒட்டுப்பாலை உரித்து, வெட்டியதும் பால் ஏந்தும் மங்குக் கோப்பையைத் துடைத்து வைத்துவிட்டு அடுத்த மரத்துக்கு நகர வேண்டும். விளக்கின் வெளிச்சம் ஒரு மரத்துக்கு மட்டும் போதும். அதற்கடுத்த மரம் எப்போதும் இருட்டில்தான் நின்றது. பக்கத்து நிரையில் வெட்டுபவரின் விளக்கு தெரியும். சில நேரம் தெரியாது.

பேய்க்கதைகள் பிறந்த இடம் அந்த அடுத்த மரம். தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறியவர்கள் முனியையும் காட்டேரியையும் மோகினியையும் கொண்டுவந்தார்கள். இங்கே மலாய்க்காரர்களின் பொந்தியானாக் ஏற்கெனவே வாழை மரத்தில் இருந்தாள்: பிரசவத்தில் இறந்தவள், பூ வாசனையோடு வருபவள், பிடரியில் ஆணி அடித்தால் அடங்குபவள். சீனர்களின் ஏழாம் மாதத்தில் பசித்த ஆவிகள் வந்தன. தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பிள்ளைகளுக்கு மூன்று மொழிப் பேய்களும் தெரியும். ‘பொந்தியானாக்’ 1957இல் படமாக வந்தபோது அதை இயக்கியவர் பி. என். ராவ் என்ற இந்தியர். வடக்கே கோலகுபுவில் 1883இல் அணை உடைந்து ஊர் அழிந்தது; மாவட்ட அதிகாரி செசில் ரேங்கிங் உயிரிழந்தார். ஆற்றைக் காத்த வெள்ளை முதலையை அவர் சுட்டதால்தான் அணை உடைந்தது என்று ஊர் சொன்னது. மழையும் மண் அணையும் ஒரு காரணம். முதலை இன்னொரு காரணம். மக்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள்.

அதே மாதிரி இரண்டையும் பக்கத்தில் வைத்தவர் புதுமைப்பித்தன். ‘காஞ்சனை’ கதையில் தூக்கம் வராத ஓர் எழுத்தாளன், வீட்டுக்கு வேலைக்கு வந்து சேர்ந்த ஒரு பெண், இடம் தெரியாமல் வரும் ஒரு நாற்றம். வந்தது பேயா, மனமயக்கமா என்று கதை தீர்ப்பளிப்பதில்லை. ‘செவ்வாய் தோஷம்’ ரத்தக்காட்டேரியைக் கிராமத்துக்கு நடுவில் கொண்டுவந்தது. ‘காஞ்சனை’ என்ற பெயரிலேயே அவருடைய தொகுப்பு 1943இல் வெளிவந்தது.

அந்த ஆண்டில் அந்த நூல் மலாயாத் தோட்டங்களுக்கு வந்திருக்க வழியில்லை. ஜப்பானியர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது; இந்தியக் கப்பல்கள் நின்றிருந்தன. தோட்டத்துத் தமிழர்களை ரயில் பாதை போடச் சயாமுக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த மரண ரயில் பாதை 1943 அக்டோபரில் முடிந்தபோது பல்லாயிரம் பேர் திரும்பி வரவில்லை. போர் முடிந்தும் பயம் முடியவில்லை. 1948 ஜூனில் அவசரகாலம் வந்தது. அந்த மாதம் 30ஆம் தேதி புதுமைப்பித்தன் மறைந்தார். டிசம்பர் 12இல் உலு யாமுக்கு அடுத்த பத்தாங்காலியில், ஒரு ரப்பர் தோட்டத்தில், பிரிட்டிஷ் சிப்பாய்கள் 24 சீனத் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றார்கள். பொழுது சாய்ந்தபின் வெளியே போகக்கூடாது என்று பாட்டிமார் சொன்னதற்கு அந்த நாட்களில் முனி தேவைப்படவில்லை.

பிறகு வந்த காலம் அச்சின் காலம். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் தோட்டங்களுக்குள் வந்தது. ஞாயிறு பதிப்பில் உள்ளூர்க் கதைகள் வந்தன. 1973 வரை ஓடிய ரஜூலா கப்பலில் ஆட்களோடு தமிழ்நாட்டு இதழ்களும் வந்து இறங்கின. ஒரு குமுதம் இதழ் கிராணி (தோட்ட எழுத்தர்) வீட்டில் தொடங்கி முடிவெட்டும் கடை வழியாக லயம் லயமாகப் போய், அட்டை கிழிந்துதான் நிற்கும். எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவர் உரக்க வாசிக்க, நாலு பேர் கேட்பார்கள். பல தோட்டங்களில் மின்சாரம் இரவு ஒன்பது, பத்து மணிவரைதான். விளக்கு அணையும்வரை அச்சுக் கதை. அணைந்தபின் வாய்க் கதை. இரண்டுக்கும் நேரம் பிரித்துக் கொடுத்தது தோட்டத்து மின்னாக்கி.

அந்த இதழ்களின் வழியே வந்தவர் சுஜாதா. பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தபடி எழுதியவர். ‘கொலையுதிர் காலம்’ நாவலில் வீட்டுக்குள் ஓர் உருவம் நடமாடுகிறது. துப்புத் துலக்கும் இருவரில் வசந்த் பேய் என்கிறான், கணேஷ் முப்பரிமாண ஒளிப்படம் என்கிறான். வருங்காலத் திருமலையைக் காட்டிய ‘திமலா’ உள்ளிட்ட அவருடைய விஞ்ஞானச் சிறுகதைகள் பின்னாளில் தனித் தொகுப்பாயின. புதுமைப்பித்தன் சந்தேகத்தைத் திறந்து வைத்தார் என்றால், சுஜாதா அதற்குள் ஒரு கருவியை நுழைத்துப் பார்த்தார். தோட்டத்துப் பிள்ளை ஒருவனுக்கு லேசர் என்ற சொல் பள்ளிப் புத்தகத்துக்கு முன்பே ஒரு தொடர்கதையில் கிடைத்திருக்கலாம். அது சின்ன லாபமில்லை. அதோடு, பாட்டி சொன்ன கதை படிக்காதவர்களின் கதை என்ற எண்ணமும் மெல்ல ஒட்டிக்கொண்டது.

ரப்பர் போய் செம்பனை வந்ததும் வேலையின் நேரம் மாறியது. குலை வெட்டுவது பகல் வேலை. பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை சுற்று வரும். நீண்ட அலுமினியக் கழியின் நுனியில் அரிவாள். பழுத்ததற்கு அடையாளம் தரையில் உதிர்ந்து கிடக்கும் பழம். வெட்டுபவர்களில் பெரும்பாலோர் இன்று இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். இருட்டில் தனியாக நிரைக்குப் போகும் தமிழ்ப் பெண் இன்று இல்லை. பாம்புக்கும் காட்டுப்பன்றிக்கும் பயந்து, தூங்கும் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுப்போன அந்த விடியற்காலைகள் திரும்ப வரவேண்டும் என்று யாரும் ஆசைப்பட மாட்டார்கள்.

தோட்டத்தின் பயம் எப்படி மாறியது என்பதைக் காட்ட ஒரு பறவை போதும். அன்று கூரைமேல் கூகை கத்தினால் வீட்டில் சாவு விழும் என்று விரட்டினார்கள். செம்பனைக்கு எலி பெரிய எதிரி. உதிர்ந்த பழத்தையும் குலையையும் கடித்துத் தின்னும். எண்பதுகளிலிருந்து தோட்ட நிர்வாகங்கள் அதே கூகைக்குக் கம்பம் நட்டு, மேலே மரப்பெட்டி வைத்து, குடிவரச் சொல்லிக் காத்திருக்கின்றன. ஐந்து முதல் பத்து ஹெக்டேருக்கு ஒரு பெட்டி. ஒரு சோடி தன் குஞ்சுகளோடு ஆண்டுக்கு ஆயிரம் எலிக்கு மேல் பிடிக்கும் என்பது தோட்டத்துறையினரின் கணக்கு. முன்பு சாவைச் சொல்லிய பறவை இன்று எலிமருந்துச் செலவைக் குறைக்கும் பறவை. வெள்ளை முகத்தோடு சத்தமில்லாமல் பறப்பது மட்டும் மாறவில்லை.

நூல்களில் பயமும் அறிவியலும் தனித்தனியாகப் பிரிந்தன. ஜெயமோகன் பேய்க்கதைகளை ‘நிழல்வெளிக் கதைகள்’ என்றும், அறிவியல் கதைகளை ‘விசும்பு’ என்றும் இரண்டு தொகுப்புகளாகத் தந்தார். ‘விசும்பு’ சித்த மருத்துவத்தையும் ரசவாதத்தையும் அறிவியல் புனைவின் பொருளாக எடுத்துக்கொண்டது. நம் மண்ணின் அறிவிலிருந்தே அறிவியல் கதை எழுதலாம் என்று காட்டியது. ஓர் எழுத்தாளர் இரண்டு அறைகளிலும் வாழ்வது உலகத்துக்குப் புதிதில்லை. அமெரிக்காவின் ரே பிராட்பரி 1947இல் திகில் கதைகளின் தொகுப்போடு தொடங்கி, 1950இல் செவ்வாய்க் கிரகக் கதைகளுக்குப் போனார். நம் சிலாங்கூரிலேயே, பெட்டாலிங் ஜெயாவில் பிறந்த துங்கு ஹலிம் 1997இலிருந்து பொந்தியானாக்கையும் போமோ என்ற மலாய் மந்திரவாதியையும் ஆங்கிலத் திகில் தொகுப்புகளுக்குள் கொண்டுவந்தார். இங்கே வளர்ந்த ஸென் சோ 2014இல் மலேசிய ஆவிகளை வைத்து ஒரு தொகுப்பும், அடுத்த ஆண்டு மலேசியாவின் வருங்காலத்தைச் சொல்லும் கதைகளின் தொகுப்பு ஒன்றைப் பதிப்பாசிரியராகவும் தந்தார். மலாய்ப் பேய்க்கும் சீனப் பேய்க்கும் ஆங்கிலத்தில் அச்சு வாகனம் கிடைத்துவிட்டது.

தமிழில் வாசிப்பவருக்கு இன்று குறையொன்றுமில்லை. அன்று மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்த ‘காஞ்சனை’ இன்று கைபேசியில் காசில்லாமல் கிடைக்கிறது. தமிழ் நேசன் 2019இல் நின்றுவிட்டது. ஆனால் அதே ஆண்டில் ‘அரூ’ இதழ் தமிழ் அறிவியல் சிறுகதைக்கென்றே போட்டி நடத்தியது. 1957இல் 888 இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 530ஐ ஒட்டி நிற்கின்றன. எஞ்சியவற்றில் கணினி அறை இருக்கிறது. அன்று ஒரு புத்தகத்துக்குப் பத்து வாசகர். இன்று ஒரு வாசகருக்கு ஆயிரம் புத்தகம். உரக்க வாசிக்கவும் உட்கார்ந்து கேட்கவும்தான் ஆளில்லை.

என் அலமாரியில் இன்னும் ஓர் இடம் காலியாக இருக்கிறது. சயாம் மரண ரயிலுக்கு ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் நாவல் எழுதினார்கள். அந்தக் கொடுமை மறக்கப்படாமல் தப்பியது. கித்தா (ரப்பர்) காட்டுப் பயங்களுக்கு அப்படி ஒரு தொகுப்பு என் கைக்கு வரவில்லை. அவற்றை இலக்கியம் என்று நாம் மதிக்கவில்லை. மூடநம்பிக்கை என்று ஒதுக்கினோம். உண்மையில் அவை வேலையைப் பற்றிய கதைகள். எந்த நேரத்தில் எழுப்பினார்கள், எத்தனை மரம் கொடுத்தார்கள், ஒரு பெண்ணை எவ்வளவு தூரம் தனியாக அனுப்பினார்கள் என்பதெல்லாம் முனியின் காலடிக்குக் கீழே பதிந்திருக்கிறது. தோட்டத்துப் பதிவேட்டில் பால் எடை இருக்கும். வெட்டியவளின் பயம் இருக்காது. அது கதையில் மட்டும்தான் இருக்கிறது.

கதை தெரிந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். உலு யாமிலும் பத்தாங்காலியிலும் பெஸ்தாரி ஜெயாவிலும், தோட்டத்தை விட்டு வந்து தரைவீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் குடியிருக்கிறார்கள்; எழுபது, எண்பது வயது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு பாட்டி இருந்தால் கைபேசியை முன்னால் வைத்துப் பேசச் சொல்லுங்கள். பேய் உண்டா இல்லையா என்று வாதாட வேண்டாம். எந்தத் தோட்டம், எந்த நிரை, யாரோடு போனார், தலையில் என்ன விளக்கு, பெரட்டு எத்தனை மணிக்கு, அது கடிகாரம் மாறுவதற்கு முன்பா பின்பா என்று கேளுங்கள். விவரம் சரியாக இருந்தால் கதை தானாக நிற்கும். அதை எழுதி ஓர் இதழுக்கு அனுப்புங்கள். நல்ல எழுத்தாளர் ஒருவர் பிறகு அதிலிருந்து திகில் கதை செய்யட்டும், அறிவியல் கதை செய்யட்டும். மூலப்பொருளைச் சேர்த்து வைக்கும் வேலை நம்முடையது. அதற்கு மிச்சமிருக்கும் காலம் அதிகமில்லை.