ஸ்பீக்கருக்கு எந்த கேபிள் வாங்குவது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலருக்கும் சில நாட்களில் ஓர் ஆசை வரும். ஹாலில் இருக்கும் ஆம்ப்ளிபையரிலும் பெரிய ஸ்பீக்கர்களிலும் கம்ப்யூட்டர் பாட்டைக் கேட்டால் என்ன? தாராளமாகக் கேட்கலாம். அதற்கு இரண்டு மூன்று கேபிள்கள் போதும். ஆனால் கடையில் ஒரே வேலைக்கு நூறு ரூபாயிலும் கேபிள் இருக்கும், பல ஆயிரத்திலும் இருக்கும். எதற்குப் பணம் கொடுக்க வேண்டும், எதற்குக் கொடுக்க வேண்டாம் என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போவது நல்லது.

கம்ப்யூட்டரிலிருந்து ஆம்ப்ளிபையருக்கு

டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் பின்பக்கம் பச்சை நிற வட்டத் துளை ஒன்று இருக்கும். அதுதான் ஒலி வெளிவரும் ஜாக். லேப்டாப்பில் ஹெட்போன் ஜாக்கைப் பயன்படுத்தலாம். அந்த ஜாக்கே இல்லாத புதிய லேப்டாப் என்றால் யு.எஸ்.பி. ஆடியோ அடாப்டர் ஒன்று தேவைப்படும்.

ஆம்ப்ளிபையரின் பின்னால் சிவப்பு, வெள்ளை நிறத்தில் இரண்டு ஆர்.சி.ஏ. ஜாக்குகள் இருக்கும். சிவப்பு வலது, வெள்ளை இடது. எனவே நீங்கள் கேட்க வேண்டியது, ஒரு முனையில் 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின்னும் மறுமுனையில் இரண்டு ஆர்.சி.ஏ. பின்களும் உள்ள கேபிள். இதை ஆம்ப்ளிபையரில் ஆக்ஸ் அல்லது சி.டி. என்று எழுதியுள்ள இடத்தில் செருகுங்கள். ஃபோனோ என்ற இடத்தில் செருகாதீர்கள். அது இசைத்தட்டு பிளேயருக்கானது. பாட்டு கரகரத்துக் கேட்கும்.

இந்தக் கேபிளில் போகும் சிக்னல் மிகச் சிறியது, ஏறக்குறைய ஒரு வோல்ட் அளவுதான். ஆகவே வெளியிலிருந்து வரும் மின் இரைச்சலைத் தடுப்பதுதான் கேபிளின் முக்கிய வேலை. உள் ஒயரைச் சுற்றி வலை போன்ற ஷீல்டு இருக்க வேண்டும். பின் உறுதியாக இருக்க வேண்டும், செருகினால் ஆடக்கூடாது. இந்த இரண்டும் சரியாக இருந்தால் நடுத்தர விலைக் கேபிளே போதும். 2 மீட்டர் தேவை என்றால் 2 மீட்டரே வாங்குங்கள். 10 மீட்டர் வாங்கிச் சுருட்டி வைக்க வேண்டாம்.

ஆம்ப்ளிபையரிலிருந்து ஸ்பீக்கருக்கு

இங்கே கதை வேறு. இந்த ஒயரில் கரண்ட் அதிகம் போகும். ஒயர் மெல்லியதாக இருந்தால் அதன் தடையிலேயே சக்தியின் ஒரு பகுதி வீணாகும். எனவே பார்க்க வேண்டியது தடிமன், நீளம், ஸ்பீக்கரின் ஓம்ஸ் ஆகிய மூன்றும்தான். ஸ்பீக்கரின் பின்னால் 4, 6 அல்லது 8 ஓம்ஸ் என்று எழுதியிருக்கும். போய்வரும் ஒயரின் மொத்தத் தடை, ஸ்பீக்கர் ஓம்ஸில் 5 சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்பது எளிய கணக்கு.

எலக்ட்ரிகல் கடைகளில் 14/76, 23/76, 40/76 என்று ஒயர் கேட்பார்கள். முதல் எண், உள்ளே எத்தனை இழைகள் என்பது. 76 என்பது ஒவ்வோர் இழையும் 0.0076 அங்குலம் தடிமன் என்பது. 8 ஓம்ஸ் ஸ்பீக்கருக்குத் தாமிர ஒயரை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்று மேற்சொன்ன கணக்கின்படி பார்ப்போம்.

14/76: 4 மீட்டர் வரை
23/76: 7 மீட்டர் வரை
40/76: 13 மீட்டர் வரை

4 ஓம்ஸ் ஸ்பீக்கர் என்றால் இதில் பாதித் தூரம்தான். சாதாரண ஹாலுக்கு 40/76 இரட்டை ஒயர் தாராளம். 'ஸ்பீக்கர் கேபிள்' என்று பெயர் போட்ட பாக்கெட்தான் வேண்டும் என்பதில்லை. இடது, வலது இரண்டுக்கும் ஒரே ஒயரைப் போடுங்கள்.

தாமிரமா, அலுமினியமா?

மலிவான ஒயர்களில் ஏமாறும் இடம் இதுதான். சி.சி.ஏ. என்ற ஒயர், அலுமினியத்தின் மேல் தாமிரம் பூசியது. பார்க்கத் தாமிரம் போலவே இருக்கும். ஆனால் தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அடிக்கடி வளைத்தால் சீக்கிரம் முறியும்.

கண்டுபிடிப்பது சுலபம். ஓர் இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். வெளியே வெள்ளையாகவும் சுரண்டினால் சிவப்பாகவும் இருந்தால் பயம் வேண்டாம். அது ஈயம் பூசிய தாமிரம். கையில் தூக்கிப் பார்த்தாலும் அலுமினிய ஒயர் எடை குறைவாக இருக்கும்.

விலை கூடினால் ஒலி கூடுமா?

2007-ல் அமெரிக்க மேஜிக் நிபுணர் ஜேம்ஸ் ராண்டி ஒரு சவால் விட்டார். 7,250 டாலர் விலையுள்ள ஸ்பீக்கர் கேபிளையும், அதைவிட மிகக் குறைந்த விலைக் கேபிளையும் காதால் மட்டும் கேட்டுப் பிரித்துச் சொன்னால் பத்து லட்சம் டாலர் பரிசு என்றார். அந்தச் சோதனை நடக்காமலே போயிற்று. பரிசையும் யாரும் வாங்கவில்லை. போதிய தடிமனுள்ள இரண்டு கேபிள்களில் எது ஓடுகிறது என்று பார்க்காமல் சொல்வது மிகக் கடினம்.

தங்க முலாம் பூசிய பின்? தங்கம் தாமிரத்தைவிட நன்றாக மின்சாரம் கடத்துவதில்லை. அதன் நன்மை துருப்பிடிக்காதது மட்டுமே. கடலோர ஊர்க்காரர்களுக்கு அது பயன்படும். அதற்காகப் பத்து மடங்கு விலை தர வேண்டியதில்லை.

ஆப்டிகல், ஹெச்.டி.எம்.ஐ. போன்ற டிஜிட்டல் கேபிள்களில் போவது 0, 1 என்ற எண்கள். எண்கள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் பாட்டும் ஒழுங்காக வரும். கேபிள் மோசமானால் ஒலி விட்டுவிட்டு வரும், அல்லது நின்றே போகும். விலை உயர்ந்த கேபிள் போட்டதால் பாட்டின் பேஸ் கூடாது. ஆப்டிகல் கேபிளைக் கூர்மையாக மடிக்காமல் இருந்தால் சரி.

'ம்ம்ம்' என்ற இரைச்சல் வந்தால்

பாட்டு ஓடாதபோதும் ஸ்பீக்கரில் இரைச்சல் கேட்டால் உடனே புதுக் கேபிள் வாங்க ஓடாதீர்கள். பெரும்பாலும் அது நம் வீட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் சத்தம். கம்ப்யூட்டர், ஆம்ப்ளிபையர் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள். சிக்னல் கேபிளைப் பவர் ஒயர்களிலிருந்து தள்ளிப் போடுங்கள். அப்போதும் போகவில்லையா? இரண்டிலும் ஆப்டிகல் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். அதில் மின் தொடர்பே இல்லாததால் அந்த வழியாக இரைச்சல் வராது. சத்தம் நிற்கிறது என்பதற்காக மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அது உயிரைக் காப்பது.

இணைக்கும்போது கவனிக்க

1. ஆம்ப்ளிபையரை ஆஃப் செய்துவிட்டு இணையுங்கள்.

2. சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரே ஒரு ஸ்பீக்கரில் மாறிவிட்டாலும் பேஸ் குறைந்து கேட்கும். இரண்டு ஒயரும் ஒரே நிறம் என்றால் கோடு போட்ட ஒயரைச் சிவப்புக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3. இழைகளை நன்றாக முறுக்கிச் செருகுங்கள். ஓர் இழை பக்கத்து முனையைத் தொட்டாலும் ஷார்ட் ஆகி ஆம்ப்ளிபையர் போய்விடலாம்.

4. கம்ப்யூட்டரில் வால்யூமை அதிகமாக வைத்து, ஆம்ப்ளிபையரில் தேவைக்குக் கூட்டிக் குறையுங்கள். இரைச்சல் குறையும்.

கடைக்குக் கிளம்பும் முன் ஆம்ப்ளிபையரிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் சுவரோரமாக அளந்து, அரை மீட்டர் கூட்டி எழுதிக்கொள்ளுங்கள். ஓம்ஸ் எண்ணையும், பின்பக்க ஜாக்குகளின் படத்தையும் செல்போனில் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கடைக்காரர் எந்தப் பெட்டியைக் காட்டினாலும் உங்களுக்குத் தேவையானதை மட்டும் கேட்டு வாங்கலாம். மீதிப் பணத்தைச் சேர்த்து வையுங்கள். நல்ல ஸ்பீக்கர் வாங்கினால் வித்தியாசம் எல்லோர் காதிலும் கேட்கும்.