தேவதைக் கதைகளும் மனநோய்களும்



மனநோயைக் குறித்து ஒரு குடும்பத்தாருக்கு எடுத்துச் சொல்வது எளிதல்ல. நோயின் பெயரைக் கேட்டவுடன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. "எங்கள் வம்சத்தில் அப்படி யாருமில்லை" என்று எழுந்து போகிறவர்களும் உண்டு. ஆனால் கதை என்றால் உட்கார்ந்து கேட்பார்கள். தாவீது ராஜாவிடம் குற்றத்தை நேரடியாகச் சொல்லாமல், ஓர் ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றிய கதையோடு போன நாத்தான் தீர்க்கதரிசி இதை நன்கு அறிந்திருந்தார். தேவதைக் கதைகளையும் பழைய சிறுவர் கதைகளையும் திருப்பிச் சொல்லி மனநோய்களை விளக்கும் முறையும் இப்படிப்பட்டதே. அதைக் குறித்து இம்மாதம் சில காரியங்களை எழுத விரும்புகிறோம்.

ஜெர்மனி தேசத்தின் பிராங்க்பர்ட் நகரில் ஹைன்ரிஷ் ஹோப்மன் என்றொரு வைத்தியர் இருந்தார். 1844-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்குத் தம்முடைய 3 வயது மகனுக்குப் படப்புத்தகம் வாங்கக் கடைக்குப் போனார். அங்கிருந்த எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. எழுதாத நோட்டுப்புத்தகம் ஒன்றை வாங்கி வந்து, தாமே படம் வரைந்து பாட்டும் எழுதினார். 1845-ல் அது அச்சாகி, பின்னர் 'ஸ்ட்ருவெல்பீட்டர்' என்ற பெயரில் உலகமெங்கும் பரவிற்று. அவர் 1851 முதல் 1888 வரை அந்நகரின் மனநல விடுதிக்குத் தலைமை வைத்தியராக இருந்தார் என்பது பலருக்குத் தெரியாது.

அந்தப் புத்தகத்தின் பிற்பதிப்பில் சேர்ந்தவன்தான் பிலிப். சாப்பாட்டு மேஜையில் அவனால் அசையாமல் உட்கார முடியாது. தகப்பனார் அதட்டுகிறார், தாயார் பேசாமல் பார்க்கிறார். அவன் நாற்காலியை முன்னும் பின்னும் ஆட்டி, கடைசியில் பின்பக்கமாகச் சாய்கிறான். விழும்போது மேஜை விரிப்பைப் பிடித்து இழுக்க, தட்டும் ரொட்டியும் சூப்பும் அவன்மேல் கொட்டுகின்றன. பெற்றோருக்குக் கோபம், சாப்பாடும் இல்லை. கதை அவ்வளவே.

இன்று ஏ.டி.எச்.டி. என்று வைத்தியர்கள் அழைக்கும் கவனக்குறைவு, மிகைச்செயல் கோளாற்றுக்கு ஜெர்மனியில் பேச்சுவழக்கில் இந்தப் பிலிப்பின் பெயரையே சொல்கிறார்கள். உலக அளவில் 100 பிள்ளைகளில் ஏறத்தாழ 5 பேருக்கு இது உண்டு. ஹோப்மன் கண்டதைச் சரியாகவே வரைந்தார். ஆனால் கதையில் தீர்ப்பு பிள்ளையின்மேல் விழுந்துவிட்டது. ஆகவே திருப்பிச் சொல்லும்போது நாங்கள் மேஜையையும் விரிப்பையும் அப்படியே வைத்துக்கொண்டு, கதையைப் பிலிப்பின் பக்கத்திலிருந்து சொல்லுகிறோம். அசையக்கூடாது என்று அவன் தீர்மானித்திருக்கிறான். ஆனால் தீர்மானத்துக்கு முன்பே கால் ஆடிவிடுகிறது. விழுந்தபின் எல்லாரையும்விட அவனே திகைக்கிறான்.

இதைக் கேட்ட ஒரு தாயார், "அப்ப இவன் வேணும்னு பண்ணலியா, ஐயா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் கதையைச் சொல்லுகிறோம். அதன் பிறகு வைத்தியர் பேசுவது காதில் ஏறுகிறது. இது பெரும்பாலும் பிறவியிலேயே அமைந்த கோளாறு, பரம்பரைக்கும் அதில் பெரும் பங்குண்டு, வேலையைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கொடுத்தால் பிள்ளைக்கு எளிது, சிலருக்கு மருந்தும் வேண்டும் என்பதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொள்கிறார்கள்.

அதே புத்தகத்தில் சூப்பு குடிக்கமாட்டேன் என்று அடம்பிடிக்கும் காஸ்பர் என்ற கொழுகொழுப் பையன் ஒருவனும் உண்டு. நாளுக்கு நாள் மெலிந்து ஐந்தாம் நாள் இறந்துபோகிறான். 1873-ல் வில்லியம் கல் என்ற ஆங்கில வைத்தியர் பெயரிட்ட பட்டினி நோயை விளக்க இவனைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். எங்களுக்கு இதில் அவ்வளவு திருப்தியில்லை. அந்த நோய் ஐந்து நாளில் முடிவதல்ல. மாதங்களாக, வருஷங்களாக நீடிப்பது. எலும்பும் தோலுமானபின்பும் தான் பருமனாயிருப்பதாக நம்பி, எடை கூடிவிடுமோ என்று அஞ்சுவதே அதன் மையம். காஸ்பரிடம் அந்தப் பயமே இல்லை. மேலும், கதையின் கடைசிப் படம் கல்லறை. சாப்பிட மறுக்கும் பிள்ளையிடம் இதைச் சொல்லவே வேண்டாம்.

கிரிம் சகோதரர்களின் ராபன்ஸல் கதை வேறு விதம். கோபுரத்தில் அடைபட்டிருந்த அந்தப் பெண்ணின் நீண்ட கூந்தலை நினைத்து, 1968-ல் வைத்தியர்கள் ஓர் அரிய நிலைக்கு அவள் பெயரை இட்டார்கள். தலைமயிரைத் தானே பிடுங்கும் பழக்கமுள்ளவர்களில் சிலர் அதை விழுங்கியும் விடுவார்கள். மயிர் செரிக்காது. வயிற்றில் உருண்டையாகத் திரண்டு, அதன் வால் சிறுகுடல்வரை நீளும். அறுவை சிகிச்சை செய்துதான் எடுக்கவேண்டும். எடுத்ததோடு வேலை முடிவதில்லை. மனநல சிகிச்சை இல்லாவிட்டால் திரும்பவும் வரலாம். கதையைத் திருப்பிச் சொல்லும்போது, கை அவளையறியாமல் கூந்தலுக்குப் போவதையும், பிடுங்கியபின் வரும் சிறு நிம்மதியையும், அதற்குப் பின் வரும் வெட்கத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். வெட்கத்தினாலேயே பலர் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் மறைத்துவிடுகிறார்கள்.

எங்களுக்கு மிகவும் பிரியமான கதை, 1812-ல் வெளிவந்த கிரிம் தொகுப்பின் முதற்கதையாகிய தவளை ராஜாவின் முடிவில் இருக்கிறது. தவளையை எல்லாரும் அறிவார்கள். வேலைக்காரனாகிய ஹைன்ரிஷைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தன் எஜமான் தவளையானபோது, துக்கத்தால் இருதயம் வெடித்துவிடாதபடி அவன் அதைச் சுற்றி மூன்று இரும்புப் பட்டைகளைப் பூட்டிக்கொண்டான். எஜமான் விடுதலையாகி வண்டியில் வீடு திரும்பும்போது, பட்டைகள் ஒவ்வொன்றாகப் பெருஞ்சத்தத்தோடு தெறிக்கின்றன. வண்டிதான் உடைகிறதென்று எஜமான் நினைக்கிறான்.

நெஞ்சை இறுக்குகிறது என்று வருகிறவர்களில் சிலருக்கு ஈ.சி.ஜி. சரியாகவே இருக்கும். வைத்தியர் இருதயத்தை நன்றாகப் பரிசோதித்து முடித்தபிறகே (முந்தி அல்ல) இந்தக் கதையை நாங்கள் எடுப்பது வழக்கம். துக்கமும் கவலையும் சரீரத்தில் இரும்பைப்போல இறுக்கக்கூடும் என்பது கேட்கிறவர்களுக்கு உடனே விளங்குகிறது. பொய் சொல்லுகிறாய் என்று வீட்டார் குற்றஞ்சாட்டியிருந்தால், அதுவும் நிற்கிறது.

ஆனால் கதையில் நடப்பதுபோல மூன்று பட்டைகளையும் ஒரே பயணத்தில் நாங்கள் தெறிக்கவிடுவதில்லை. முதலாவது சற்று இளகுவதற்கே சில வாரங்கள் ஆகின்றன என்று மாற்றிச் சொல்லுகிறோம். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலன் காட்ட 2 முதல் 4 வாரங்களாவது, சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். ஒன்றும் தெரியவில்லையே என்று முதல் வாரத்திலேயே மாத்திரையை நிறுத்திவிடாதபடி, வீட்டார் காதிலும் விழும்படியாக அதை அந்த இடத்தில் சொல்லிவிடுகிறோம்.