செம்பரலும் பைஞ்சுதையும்: இராம்கிங்கர் பைஜின் சிற்பக்கலை

வங்கத்தின் வீரபூம் மாவட்டத்து நிலம் செந்நிறமானது. பன்னெடுங்கால மழை பாறையிலிருந்த சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு போக, எஞ்சிய இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் இறுகிச் செம்புரைக்கல்லாயின. சாந்திநிகேதனத்தைச் சூழக் கிடக்கும் அச்செம்பரற்கற்களைக் கொண்டே பேருருவச் சிற்பங்களை எழுப்பியவர் இராம்கிங்கர் பைஜ்.

பாங்குராவில் 1906ஆம் ஆண்டு எளிய குடும்பத்தில் பிறந்த அவர், உள்ளூர்க் கைவினைஞர் தெய்வத் திருவுருக்கள் வனைவதைக் கண்டே கை பழகினார். இதழாசிரியர் இராமானந்த சாட்டர்ஜி அவருடைய ஆற்றலை உணர்ந்து வழிகாட்ட, 1925இல் சாந்திநிகேதனத்துக் கலைப்பள்ளியான கலாபவனம் புகுந்து ஓவியர் நந்தலால் போசின் மாணவரானார். பின்னர் அங்கேயே ஆசிரியராகி, 1971 வரை சிற்பம் பயிற்றினார்.

வெண்கலமும் பளிங்கும் பெரும்பொருட்செலவை வேண்டுவன. பைஜ் எடுத்தாண்டதோ சிமெண்ட் எனும் பைஞ்சுதை. இரும்புக் கம்பியால் உருவின் எலும்புக்கூட்டை அமைப்பார். செம்பரலும் சுதையும் நீரும் கலந்த குழம்பைக் கையால் வீசி அப்புவார். இறுகும் நிலையில் உளியால் செதுக்குவார். இங்கே வேதியியலே காலத்தை வரையறுக்கிறது. சுதையிலுள்ள கால்சியம் சிலிக்கேட்டுகள் நீரோடு வினைபுரிந்து, பரல்களைப் பிணைக்கும் கூழ்மமாகின்றன. நெகிழ்ச்சி சில மணி நேரத்தில் அகன்றுவிடும். வலிமையோ வாரக்கணக்கில் ஏறிக்கொண்டே போகும். களிமண்ணைப் போல் மீண்டும் பிசைந்து திருத்த இயலாது. அவருடைய உருவங்களில் நாம் காணும் கரடுமுரடான மேனியும், தயக்கமற்ற வேகமும் இவ்வினையின் விரைவோடு இயைந்து பிறந்தவை என்றே கருதுகிறேன்.

1938இல் எழுந்த ‘சந்தால் குடும்பம்’ அதற்குச் சான்று. காவடித் தண்டின் ஒருபுறம் குழந்தையையும் மறுபுறம் உடைமைகளையும் சுமந்து நடக்கிறான் தந்தை. இடுப்பில் மற்றொரு குழந்தையோடு தாய். உடன் ஒரு நாய். மன்னர்க்கும் ஆளுநர்க்கும் சிலை நிறுவிய நாட்டில், உழைத்துப் பிழைக்கும் சந்தால் பழங்குடியினரை இயல்பினும் பெரிய அளவில், பீடத்தின் உயரத்தில் ஒதுக்காமல் திறந்தவெளியில் நிறுத்தியது பெருந்துணிவு. இந்தியாவின் நவீனப் பொதுவெளிச் சிற்பக்கலை இதிலிருந்தே தொடங்குகிறது எனப் பலரும் மதிப்பர். 1956இல் முடித்த ‘ஆலை அழைப்பு’ இன்னும் விரைவுடையது: சங்கொலி கேட்டு ஆலைக்கு ஓடும் பெண்களின் ஈரச்சேலை காற்றில் பறந்தே உலர்கிறது.

புதுதில்லி ரிசர்வ் வங்கி வாயிலிலுள்ள இயக்கனையும் இயக்கியையும் கல்லில் வடித்தார். 1970இல் பத்மபூஷண் பெற்றார், 1980இல் மறைந்தார். அவரிடம் பயின்ற சங்கோ சௌத்ரி, பரோடாப் பல்கலைக்கழகத்தில் சிற்பத்துறையை வளர்த்தெடுத்தார்.

திறந்தவெளிச் சுதைச் சிற்பங்களுக்கு வேதியியலே பகையும் ஆகும். புதிய சுதையின் காரத்தன்மை உள்ளிருக்கும் இரும்பைக் காக்கிறது. காற்றின் கார்பன் டை ஆக்சைடு மெல்ல ஊடுருவ, அக்காரம் குறைந்து கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பினும் மிகுந்த இடங்கொள்வதால் சுதை வெடிக்கும். வெடிப்பை மழமழப்பாகப் பூசி மறைத்தால் பைஜின் கைத்தடம் அழிந்துபோகும். அதே செம்பரலின் நிறமும் பருமனும் பொருந்திய கலவையை, ஆய்வகத்தில் தேர்ந்தறிந்த பின்னரே அம்மேனியில் இடவேண்டும்.