சக்கரக் காலணிக்குப் பிள்ளை தயாரா?

"அம்மா, அவளும் என் கிளாஸ்தானே? அவளுக்கு மட்டும் ஏன் வாங்கிக் கொடுத்தாங்க?"

சென்ற ஆண்டு ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் என் மகள் கேட்ட கேள்வி இது. அப்போது அவளுக்கு நான்கரை வயது. அவளுடைய பாலர் பள்ளித் தோழி ஒருத்தி ரோலர்பிளேடு அணிந்து எங்களைக் கடந்து போனாள். "உனக்கு இன்னும் வயசாகலை" என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. அதே வயதுப் பிள்ளை கண்முன்னே போய்க்கொண்டிருந்தாள்.

நான் தயங்கியதற்கு வேறொரு காரணமும் உண்டு. என் மூத்த மகனுக்கு ஐந்து வயதானபோது அவசரப்பட்டு ஒரு ஜோடி வாங்கினேன். அடுத்த ஆண்டும் போடட்டும் என்று ஓர் அளவு பெரிதாகவே வாங்கினேன். மூன்றாம் நாள் விழுந்தான். மணிக்கட்டில் மாவுக்கட்டு. எலும்பு சில வாரங்களில் கூடிவிட்டது. பயம் போகவில்லை. இப்போது அவனுக்கு ஒன்பது வயது, இன்னும் சக்கரக் காலணியைத் தொடுவதில்லை.

ஐந்து அல்லது ஆறு வயதில் தொடங்கலாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது ஒரு தோராயக் கணக்கு மட்டுமே. பிள்ளையின் உடல் எதைச் செய்யக் கற்றிருக்கிறது என்பதே சரியான கேள்வி.

நடப்பது வேறு, சறுக்குவது வேறு

நடக்கும்போது காலால் தரையைப் பின்னோக்கித் தள்ளுகிறோம். தரைக்கும் காலணிக்கும் இடையிலுள்ள உராய்வினால் தரை நம்மை முன்னோக்கித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி இதுதான். சக்கரம் மாட்டிய காலால் பின்னோக்கித் தள்ளினால் சக்கரம்தான் பின்னால் உருளும். உடல் நின்ற இடத்திலேயே நிற்கும், அல்லது முகம் குப்புற விழும். முதன்முறை அணியும் பிள்ளைகள் நின்ற இடத்திலேயே 'ஓடுவது' இதனால்தான்.

ஆனால் சக்கரம் பக்கவாட்டில் உருளாது. எனவே கால்விரல்களை வெளிப்புறமாகத் திருப்பி, ஒரு காலால் பக்கவாட்டில் தள்ள வேண்டும். அப்படித் தள்ளும் நேரத்தில் உடலின் முழு எடையும் மற்றக் காலில் இருக்கும். ஆகவே சறுக்குவது என்பது ஓடிக்கொண்டே மாறி மாறி ஒற்றைக் காலில் நிற்பதுதான். ஒற்றைக் காலில் நிற்க வராத பிள்ளைக்குச் சக்கரத்தில் நிற்பது எப்படி வரும்?

தலை கனம், பாதம் சிறிது

பிறந்த குழந்தையின் தலை அதன் உயரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. பெரியவர்களுக்கு அது ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்காகிவிடும். ஐந்து வயதுப் பிள்ளை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. தலை பெரிதாகவும் கால்கள் குட்டையாகவும் இருப்பதால், உயரத்தோடு ஒப்பிடும்போது பிள்ளையின் நிறை மையம் நம்முடையதைவிட மேலே இருக்கிறது. நிறை மையம் பாதங்கள் அடைத்து நிற்கும் பரப்புக்கு நேர் மேலே இருக்கும்வரைதான் நாம் விழாமல் நிற்கிறோம். பிள்ளையின் பாதமோ சிறிது. சிறிய அடித்தளத்தில் உயரமான பாரம் என்றால் கொஞ்சம் சாய்ந்தாலும் கவிழும்.

காலணியின் எடையையும் சேர்த்துப் பாருங்கள். சிறுவர் ஜோடி ஒன்று ஏறத்தாழ 2 கிலோகிராம் இருக்கும். 16 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது தன் எடையில் எட்டில் ஒரு பங்கு. 64 கிலோ எடையுள்ள ஒருவர் காலில் 8 கிலோ கட்டிக்கொண்டு நடப்பதற்குச் சமம்.

சமநிலைக்கு மூன்று தூதர்கள்

நாம் நிமிர்ந்து நிற்க மூளைக்கு மூன்று இடங்களிலிருந்து செய்தி வருகிறது. முதலாவது கண். இரண்டாவது உட்செவி, அங்குள்ள மூன்று அரைவட்டக் குழாய்களில் இருக்கும் திரவம் தலை திரும்புவதைக் கண்டறிகிறது. மூன்றாவது தசைகளும் மூட்டுகளும். கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதைப் பார்க்காமலே அவை சொல்லிவிடும்.

மிகச் சிறிய பிள்ளைகள் பெரும்பாலும் கண்ணையே நம்பி நிற்கிறார்கள். நான்கு முதல் ஆறு வயது வரை, மூன்று செய்திகளையும் சேர்த்துப் பயன்படுத்த மூளை பழகுகிறது. ஏழு வயதுக்குமேல், பத்து வயதுக்குள், பெரியவர்களுக்கு நெருக்கமான சமநிலை வந்துவிடுகிறது. இடைப்பட்ட பழகும் காலத்தில் பிள்ளைக்குப் பிள்ளை வேறுபாடு அதிகம். ஒரே வகுப்பில் படிக்கும் இருவரில் ஒருத்தி சறுக்குவதற்கும் மற்றவள் தடுமாறுவதற்கும் காரணம் இதுவே. என் மகளின் கேள்விக்குப் பதிலும் இதில் இருந்தது.

நிற்கத் தெரியாமல் ஓடியவர்

1760களில் லண்டனில் வாழ்ந்த ஜான் ஜோசப் மெர்லின் என்ற கண்டுபிடிப்பாளர், தாம் செய்த சக்கரக் காலணியை அணிந்து, வயலின் வாசித்தபடியே ஒரு விருந்து மண்டபத்துக்குள் நுழைந்தார் என்றும், நிறுத்தத் தெரியாமல் விலையுயர்ந்த நிலைக்கண்ணாடி ஒன்றில் மோதிக் காயமடைந்தார் என்றும் ஒரு கதை உண்டு. இன்றும் புதிதாகப் பழகுவோரின் பெரிய சிக்கல் அதுதான்.

இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 20 கிலோ எடையுள்ள பிள்ளை விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் போனால் அதன் இயக்க ஆற்றல் 40 ஜூல். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகி 160 ஜூல் ஆகிறது. சரிவுகள் இன்னும் மோசம். உராய்வைக் கணக்கில் எடுக்காவிட்டால், வெறும் 1 மீட்டர் உயரமுள்ள சரிவில் இறங்கும் பிள்ளை கீழே வரும்போது மணிக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர் வேகத்தை எட்டும். புளோக்கைச் சுற்றியுள்ள சக்கர நாற்காலிச் சரிவுகளும் கார் நிறுத்துமிடச் சரிவுகளும் பழகும் இடங்கள் அல்ல.

பெரும்பாலான சிறுவர் காலணிகளில் ஒரு குதிகாலுக்குப் பின்னால் ரப்பர் தடை இருக்கும். அந்தக் காலை முன்னே நீட்டி, விரல்களை உயர்த்தி, ரப்பரைத் தரையில் அழுத்த வேண்டும். அதற்கும் எடையை மற்றக் காலுக்கு மாற்றத் தெரிந்திருக்க வேண்டும். மறுபடியும் ஒற்றைக் கால்தான்.

வீட்டிலேயே ஐந்து சோதனைகள்

காலணி வாங்குமுன் இவற்றை விளையாட்டாகச் செய்து பாருங்கள். ஒரே நாளில் முடிவு கட்டாமல், ஒரு வாரத்தில் இரண்டு மூன்று முறை பாருங்கள்.

1. ஒற்றைக் கால்: எதையும் பிடிக்காமல் ஒவ்வொரு காலிலும் 10 விநாடி நிற்க முடிகிறதா? நான்கு வயதில் பலருக்கு 4, 5 விநாடிதான் வரும். ஐந்து வயதை ஒட்டி 10 விநாடியை நெருங்குவார்கள்.

2. நொண்டி: ஒற்றைக் காலில் ஐந்து முறை தொடர்ந்து குதிக்க முடிகிறதா? நம் பாண்டி ஆட்டமே இதற்கு நல்ல பயிற்சி. கட்டத்துக்குள் நொண்டி, திரும்பி, குனிந்து சில்லை எடுப்பதில் சமநிலைப் பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

3. அரை உட்கார்வு: முழங்காலை மடக்கி, நாற்காலியில் பாதி அமர்ந்ததுபோல் 10 விநாடி இருக்க முடிகிறதா? சறுக்கும்போது இதுதான் பாதுகாப்பான நிலை. நிறை மையம் தாழ்கிறது.

4. 'நில்!': ஓடும்போது சொன்னால் இரண்டு மூன்று அடிக்குள் நிற்கிறதா? இது காலுக்கு மட்டுமல்ல, கவனத்துக்கும் சோதனை. நம் நாட்டுச் சைக்கிள் பாதைகளில் வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர். அதாவது எதிரே வரும் சைக்கிள் ஒரு விநாடியில் ஏறத்தாழ 7 மீட்டர் கடந்துவிடும். சொல்பேச்சு உடனே காதில் ஏற வேண்டும்.

5. விருப்பம்: பிள்ளை தானாகக் கேட்கிறதா? விழுந்தால் எழுந்து மீண்டும் முயலும் குணம் இருக்கிறதா? ஆசை நமக்கா பிள்ளைக்கா என்பதை நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஐந்தும் வந்தால் தொடங்கலாம். மூன்றுதான் வருகிறது என்றால் சில மாதம் பொறுக்கலாம். அதற்குள் தள்ளு ஸ்கூட்டர் ஓட்டட்டும், பாண்டி ஆடட்டும். நடப்பதில் தாமதம், அடிக்கடி தலைசுற்றல், மூட்டுப் பிரச்சினை போன்றவை இருந்தால் மருத்துவரிடம் கேட்ட பிறகே தொடங்குங்கள்.

முதலில் மணிக்கட்டு

விழும்போது கையை ஊன்றுவது இயல்பு. உடலின் வேகம் முழுவதையும் உள்ளங்கை வாங்கி மணிக்கட்டுக்கு அனுப்புகிறது. வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைகளில் வளர்ச்சித் தட்டு எனப்படும் குருத்தெலும்புப் பகுதி உண்டு. எலும்பு நீள்வது அங்குதான். சுற்றியுள்ள தசைநார்களைவிட அது வலு குறைந்தது. அதனால் பெரியவருக்குச் சுளுக்காக முடியும் அடி, பிள்ளைக்கு முறிவாகலாம். விழுந்த பிறகு மணிக்கட்டு வீங்கினால் 'சுளுக்குதான்' என்று எண்ணெய் தேய்த்துக் காத்திராமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

1996ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று, சறுக்கி விழுந்து அவசரப் பிரிவுக்கு வந்தவர்களை ஆராய்ந்தது. மணிக்கட்டுக் காப்பு அணியாதவர்களுக்கு மணிக்கட்டில் காயம் ஏற்படும் வாய்ப்பு, அணிந்தவர்களைவிட ஏறத்தாழ 10 மடங்கு அதிகம் என்று கண்டது. தலைக்கவசம் வாங்குவோர் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். என் மகனுக்கு நானும் விட்டுவிட்டேன். தலைக்கவசம், மணிக்கட்டுக் காப்பு, முழங்கை, முழங்கால் காப்புகள் ஆகிய நான்கும் காலணியோடு சேர்ந்தே வாங்க வேண்டியவை.

காலணி அளவில் சிக்கனம் வேண்டாம். காலணி பெரிதாக இருந்தால் உள்ளே பாதம் அசையும். கணுக்கால் சாயும்போது சக்கரம் உடனே பதிலளிக்காது. வளரும் காலுக்கு ஏற்ப மூன்று நான்கு அளவு நீட்டக்கூடிய காலணிகள் கடைகளில் உண்டு. அவற்றை வாங்கி, இன்றைய அளவில் வைத்துக் கொடுக்கலாம்.

முதல் நாள்

புல்தரையில் தொடங்குங்கள். அங்கே சக்கரம் எளிதில் உருளாது. எழுந்து நிற்க, முழங்காலை மடக்கி நடக்க, முழங்கால் காப்பின்மீது முன்பக்கமாக விழ, மீண்டும் எழ அங்கேயே பழகட்டும். அதன் பிறகு சமதளமான, கூட்டமில்லாத இடம். முதலில் நிறுத்தக் கற்பியுங்கள், வேகம் தானாக வரும்.

பிள்ளையின் கையை மேலே தூக்கிப் பிடிக்காதீர்கள். உடல் பின்னால் சாய்ந்து, கால்கள் முன்னே வழுக்கும். உங்கள் உள்ளங்கையைத் தாழ நீட்டுங்கள். பிள்ளை அதன்மீது கை வைக்கட்டும். பிடிப்பதும் விடுவதும் அதன் கையில் இருக்க வேண்டும். இருபது நிமிடம் போதும். களைத்த கால்தான் அதிகம் விழும்.

அன்று என் மகளுக்கு ஐந்து சோதனைகளில் இரண்டுதான் வந்தன. அவளுடைய தோழி இரண்டு வயதிலிருந்தே தள்ளு ஸ்கூட்டர் ஓட்டுகிறாள் என்று பிறகு அவளுடைய அம்மா சொன்னார். "அவ கால் முன்னாடியே பழகிடுச்சு. உன் காலும் பழகட்டும்" என்றேன். எட்டு மாதம் புளோக்கின் கீழே பாண்டி ஆடினோம். பத்து விநாடி ஒற்றைக் காலில் நின்ற அன்று, "அம்மா, எண்ணினீங்களா?" என்று அவளே ஓடி வந்தாள்.

இப்போது அவளுக்கு ஐந்தரை வயது. நேராகப் போகிறாள், சொன்ன இடத்தில் நிற்கிறாள். வளைவது இன்னும் வரவில்லை. அவள் அண்ணன் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். சென்ற வாரம், தன் கால் அளவு என்ன என்று என்னிடம் கேட்டான்.