காப்பு வன்தட்டு வேகம் குறைவது ஏன்?

வாங்கிய புதிதில் அரை மணி நேரத்தில் முடிந்த காப்பு நகல் வேலை, இரண்டு ஆண்டுகள் கழித்து இரவெல்லாம் நீள்கிறது. வைரஸ் புகுந்துவிட்டது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் காரணம் அதுவல்ல. ஹார்ட் டிஸ்க் எனப்படும் வன்தட்டு தகவலை எழுதும் முறையிலேயே விடை இருக்கிறது.

சிதறிய கோப்புகள்

வன்தட்டுக்குள் காந்தப் பூச்சு பூசிய தகடுகள் சுழல்கின்றன. இத்தகைய தகடுகள் நம் கெடாவிலுள்ள குலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவிலும் தயாரிக்கப்பட்டுள்ளன. தகட்டின் மேல் நகரும் சிறு முனை, வட்டத் தடங்களில் தகவலைப் பதிக்கிறது.

பழைய கோப்புகளை அழிக்கும்போது தட்டில் ஆங்காங்கே வெற்றிடம் உண்டாகிறது. தட்டு நிரம்பி வரும் நிலையில், புதிய பெரிய கோப்பு அந்தச் சிறு இடங்களில் துண்டு துண்டாகவே எழுதப்படும். பால் வெட்டுபவருக்கு மரங்கள் ஒரே நிரையில் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். அதே எண்ணிக்கை மரங்கள் தோட்டம் முழுக்கச் சிதறிக் கிடந்தால், நடப்பதிலேயே பொழுது போய்விடும். முனையின் நிலையும் இதுதான்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றை முடிக்க சுமார் 11 மில்லிவினாடி ஆகும். முனை இடம் மாறும் நேரத்தையும் சேர்த்தால், ஒவ்வொரு துண்டுக்கும் ஏறத்தாழ 15 மில்லிவினாடி காத்திருக்க வேண்டும். 100 மெகாபைட் கோப்பு தொடர்ச்சியாக இருந்தால் ஒரு வினாடியில் முடியலாம். அதுவே 1,000 துண்டானால், காத்திருப்பு மட்டும் 15 வினாடி!

ஓடு வேய்ந்த தடங்கள்

இன்னொரு காரணமும் உண்டு. அதிகக் கொள்ளளவுக்காகச் சில தட்டுகளில் தடங்கள் கூரை ஓடுகளைப் போல் ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி எழுதப்படுகின்றன. இதற்கு எஸ்.எம்.ஆர். முறை என்று பெயர். நடுவிலுள்ள ஓர் ஓட்டை மாற்ற, அதன்மேல் படிந்தவற்றையும் தூக்க வேண்டும் அல்லவா? அதுபோல ஒரு தடத்தைத் திருத்த, அடுத்தடுத்த தடங்களையும் மீண்டும் எழுத வேண்டும். அதனால் முதலில் வேகமாக எழுதும் தட்டு, இடைக்காலச் சேமிப்புப் பகுதி நிரம்பியதும் திடீரெனத் தளர்ந்துவிடும்.

2020 ஏப்ரலில், தனது 'ரெட்' வரிசையின் 2 முதல் 6 டெராபைட் தட்டுகள் சிலவற்றில் இம்முறை இருப்பதை வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் ஒப்புக்கொண்டது. பல தட்டுகளை இணைத்துச் சேமிப்பகம் அமைத்திருந்தவர்கள் அதற்கு முன்பே வேகக் குறைவைக் கண்டு கேள்வி எழுப்பியிருந்தார்கள்.

என்ன செய்யலாம்?

• முதலில் கேபிளைப் பாருங்கள். பழைய யு.எஸ்.பி. 2.0 இணைப்பு வினாடிக்கு 60 மெகாபைட்டைத் தாண்டவே முடியாது.

• தட்டில் ஐந்தில் ஒரு பங்கு இடத்தைக் காலியாக விடுங்கள்.

• ஆயிரக்கணக்கான சிறு படங்களை ஒரே ஜிப் கோப்பாக்கி நகலெடுங்கள்.

• சாதாரண வன்தட்டில், விண்டோஸின் 'ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்' வசதியால் துண்டுகளை ஒன்றுசேர்க்கலாம். எஸ்.எம்.ஆர். தட்டில் அது வேலையைக் கூட்டும். எழுதி முடிந்ததும் இணைப்பைக் கழற்றாமல் சிறிது நேரம் விட்டால் தட்டே தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்ளும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தகடே இல்லை. அங்குத் துண்டு சேர்ப்பு தேவையற்ற தேய்மானம்.

முதலில் நகல், பிறகு ஒழுங்கு

தட்டிலிருந்து 'டிக் டிக்' ஓசை வந்தாலோ, ஒரே கோப்பில் திரும்பத் திரும்பத் தடுமாறினாலோ, அது பழுதின் அறிகுறி. அப்போது துண்டுகளைச் சேர்க்க முயன்றால், தளர்ந்த தட்டின்மேல் பெரும் சுமையை ஏற்றுகிறோம். உள்ளதை உடனே வேறு தட்டுக்கு நகலெடுப்பதே முதல் வேலை.

கெடாவில் பல தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயன் வீடுகள், கோயில் திருவிழாக்கள், பழைய தமிழ்ப்பள்ளி வகுப்புகள் ஆகியவற்றின் படங்கள் சில குடும்பங்களிடம் ஒரே ஒரு தட்டில்தான் இருக்கின்றன. 2022 ஜூலை 4-இல் பாலிங், கூப்பாங் பகுதியில் பாய்ந்த வெள்ளம் வீடுகளையே அடித்துச் சென்றது. அத்தகைய நாளில் தட்டு வேகமானதா மெதுவானதா என்பது பொருட்டல்ல. ஆகவே மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், அவற்றில் ஒன்று வேறு ஊரில் என்ற விதியைக் கடைப்பிடியுங்கள். சுங்கைப் பட்டாணியில் உள்ள படங்களின் ஒரு பிரதி அலோர் ஸ்டாரில் உள்ள அக்காள் வீட்டிலும் இருக்கட்டும்.